கொட்டகையில் பாட்டு நின்ற மூன்று மாதம்

வேதத்தில் எத்தனை விதமான இசைக்கருவிகள் வருகின்றன என்று என்னிடம் கேட்க வேண்டாம். அதைப் பற்றி ஒரு காலத்தில் நாற்பது பக்கம் எழுதியவன் நான். சுரமண்டலம், தம்புரு, கின்னரம், எக்காளம், கைத்தாளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தலைப்புப் போட்டு, பக்கத்தில் எபிரெயச் சொல்லையும் எழுதி வைத்திருக்கிறேன். குறிப்பேடு வீட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கிறிஸ்தவ வாழ்வில் பாடலின் இடம் என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் நான் பேசப்போவது, பாட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் ஒரு சபையின் பாட்டை மூன்று மாதம் நிறுத்திவைத்த ஓர் ஆளைப் பற்றி. அந்த ஆள் நான்தான்.

நான் யாழ்ப்பாணத்தான். என்னோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்த பையன்கள் எல்லாரும் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோரிலும் கிராணிகளாகி, அதாவது எழுத்தர்களாகி, கோட்டுப் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் ஊரில் படித்த வேதபாடத்தைக் கட்டிக்கொண்டு அலைந்தேன். அதற்குக் காரணம் பக்தி என்று சொன்னால் பொய். கேள்விதான் காரணம். சங்கீதங்களின் தலைப்பில் இராகத்தலைவனுக்கு ஒப்புவித்தது என்று வருகிறதே, அந்த இராகத்தலைவன் செய்த வேலை என்ன? முன்னே நின்று கையை ஆட்டினானா, கருவி வாசித்தானா, தானே பாடிக் காட்டினானா? நடுநடுவே சேலா என்று ஒரு சொல் தனியாக நிற்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதனாலேயே எனக்கு அதன்மேல் தீராத ஆசை. கப்பலில் வரும்போதுகூட, சுக்கான் பிடித்த மாலுமியிடம் நீங்கள் கயிறு இழுக்கும்போது பாட்டை யார் தொடங்குவது என்று கேட்டேன், அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

இப்படிப்பட்டவனை ஜோகூர் பாருவில் இருந்த எங்கள் சபையின் மேற்பார்வைப் போதகர், மாசாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு உபதேசியாராக அனுப்பினார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் புறப்பட்டால் செம்மண் ரோட்டில் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம். மழை பெய்தால் நான் சைக்கிளில் போவதில்லை, சைக்கிள் என் தோளில் ஏறிக்கொள்ளும். சனி, ஞாயிறு இரண்டு இரவும் தோட்டத்தில் தங்கிவிட்டுத் திங்கள் விடிந்ததும் திரும்பிவிடுவேன்.

தோட்டத்தில் ஐம்பது அறுபது கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். எல்லாரும் தென்னாட்டிலிருந்து கூலிவேலைக்கு ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் எடுப்பதும் புல் வெட்டுவதும் அவர்கள் வேலை. பழைய சாமான் கொட்டகை ஒன்றை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்காகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுக் கொடுத்திருந்தார். தகரக் கூரை, பலகைச் சுவர், மேசைமேல் ஒரு மரச்சிலுவை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கத்துக்கு முந்திய ஜெபம் எல்லாம் அங்கேதான். லயம் என்கிற கூலிகளின் வரிசை வீட்டில் ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேர் இருக்கிறவர்களுக்கு, தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கொட்டகையை விட்டால் வேறு இடமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். பாட்டின் பெயரைச் சொல்வதற்குள் பின்னால் வாசலோரத்திலிருந்து ஒரு பெண்குரல் தொடங்கிவிட்டது. அவர் பெயர் பாக்கியம். புல் வெட்டுகிற கூட்டத்தில் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நல்ல குரல் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அவர் பாடிய முறை எனக்குப் புதிது. ஒரு அடியை இராகமில்லாமல் பேச்சாகச் சட்டென்று சொல்வார். சனங்கள் அதை வாங்கி இழுத்துப் பாடுவார்கள். கடைசி எழுத்தில் அவர்கள் நீட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடியைச் சொருகிவிடுவார். ஒரு இடத்தில்கூட அறுபடாது. தகரக் கூரை அதிர்ந்தது.

மூன்று வாரம் நான் வாயைத் திறக்காமல் அதைக் கேட்டுக் குறிப்பெடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நாலாவது வாரம் என் படிப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அந்த அம்மா வார்த்தைகளை மாற்றுகிறார். மலைகள் என்று இருக்கிற இடத்தில் கித்தா மரம் என்கிறார். ஆபத்து என்று இருக்கிற இடத்தில் அட்டையும் காய்ச்சலும் வருகின்றன. மெட்டோ நாற்று நடுகிற மெட்டு. இதெல்லாம் போதாதென்று, ஒரு பெண் சபையை நடத்துகிறார். எனக்கு ஒரு வசனம் தெரியும். தெரிந்த வசனத்தைச் சொல்லாமல் இருக்கிற பக்குவம் இருபத்தேழு வயதில் யாருக்கு இருக்கிறது.

ஆராதனை தொடங்குமுன் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். "அம்மா, சபை கூடுற இடத்திலே பெண்கள் பேசாமல் இருக்க வேணும் எண்டு அப்போஸ்தலன் எழுதியிருக்கிறார். இனிமேல் பாட்டை நான் தொடங்குவன்."

பாக்கியம் எழுந்து நின்று கேட்டார். "வேதத்துல அப்படி இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்ப சரிங்க."

அவ்வளவுதான். கோபமில்லை, முகம் சுளிக்கவில்லை. உட்கார்ந்துகொண்டார். நான் அன்றைக்கே போதகருக்குக் கடிதம் எழுதி, இங்கே ஒழுங்கில்லாமல் இருந்த ஒரு வழக்கத்தை வேதத்தின்படி சீர்திருத்திவிட்டேன் என்று தெரிவித்தேன். அடுத்த வாரம் இருபது பாட்டுப் புத்தகங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பாட்டு நின்றுவிட்டது.

நான் பாடுவேன். அவர்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். உதடு அசையும், சத்தம் வராது. என் குரல் நல்ல குரலில்லை, அதனால் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து சரிகமபதநி சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு மத்தியானம் சோற்று நேரத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பாவம், பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. முன்பு பாடியவர்கள் இப்போது ஏன் பாடவில்லை என்ற கேள்வி என்னை அரித்தது. சைக்கிளில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்து, கடைசியில் ஒரு பதில் கண்டுபிடித்தேன்.

அந்தப் பதிலைக் கேளுங்கள். சிறைப்பட்டுப் போன சனங்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு, அந்நிய தேசத்தில் நாங்கள் எப்படிப் பாடுவோம் என்று அழுததாக ஒரு சங்கீதம் இருக்கிறதல்லவா. இந்தச் சனங்களும் கடல்தாண்டி வந்தவர்கள். இங்கேயும் மரங்கள் இருக்கின்றன. ஆக, இது சிறையிருப்பின் மௌனம் என்று எட்டுப் பக்கம் எழுதினேன். ஆறு எங்கே என்று யாராவது கேட்டால் சொல்ல ஜோகூர் நீரிணையைக்கூடச் சேர்த்துவிட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. போதகருக்கு அனுப்பினேன், நன்றாயிருக்கிறது என்று பதில் போட்டார். சிரியுங்கள். பக்கத்தில் இருக்கிற ஆளிடம் "ஏன் பாடேல்லை?" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் தோட்டத்துக் கிராணி என்னைத் தேடிவந்தார்.

"துரை கேக்கச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு யாரும் வர்றதில்லையா? முன்னெல்லாம் காலையில பங்களா வரைக்கும் பாட்டு கேக்குமாம். இப்ப ஒரு சத்தமும் இல்லைங்கிறாரு. விலை விழுந்து கித்தா ஷீட்டு விக்காம குவிஞ்சு கிடக்கு. கொட்டகை சும்மா இருந்தா அதை வைக்க எடுத்துக்கலாம்னு பாக்குறாரு. அடுத்த ஞாயிறு தானே வந்து பாத்து முடிவு பண்ணுவாராம்."

சனங்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். அதைத் துரையே வந்து பார்க்கட்டும் என்றார் அவர். அதே ஞாயிறு போதகரும் திருவிருந்து கொடுக்க வருவதாக எழுதியிருந்தார். அந்த மாதக் கடைசியில் சாமுவேல் கங்காணியின் மகளுக்குக் கொட்டகையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். சாமுவேல் கங்காணி சபையின் மூப்பர், தோட்டத்தில் எனக்குச் சோறு போடுகிற வீடு அவருடையது.

மறுநாள் திங்கள் காலை. விடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புதுக் கன்று நட்ட மேட்டுப் பக்கமாக வந்தேன். புல் வெட்டுகிற கூட்டம் வரிசையாகக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தது. பாட்டு கேட்டது. பாக்கியம் ஒரு அடியைச் சொல்கிறார், முப்பது பேர் வாங்கி இழுக்கிறார்கள். மண்வெட்டி விழுகிற தாளம். சங்கீதம்தான், என் சங்கீதம், ஒரு சொல் இரண்டு சொல் மாறின அதே சங்கீதம். சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு அதற்குப் பின்னால் திருடனைப்போல நின்று கேட்டேன். பதினைந்து நிமிஷம் கேட்டிருப்பேன். அட்டை கடித்தது பிறகுதான் தெரிந்தது. சிறையிருப்பின் மௌனம் என்று நான் எழுதிய எட்டுப் பக்கமும் அந்த மேட்டிலேயே செத்துப்போயிற்று.

கூட்டத்தை மேய்த்துக்கொண்டு நின்ற சாமுவேல் கங்காணியிடம் போனேன். "இங்கே பாடுறினம். கோயில்லே ஏன் பாடேல்லை?"

அவர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. எங்களுக்கு எழுத்து தெரியாதுங்க. பாட்டெல்லாம் பாக்கியத்துக்கிட்டதான் இருக்கு. அது சொன்னா நாங்க எடுப்போம். அது சொல்லலைன்னா எங்களுக்கு அடுத்த வரி வராது."

"பாக்கியத்துக்கு எழுத்து தெரியுமோ?"

"அதுக்கும் தெரியாதுங்க. கேட்டுக் கேட்டு மனசுல வச்சிருக்கு."

"பிறகு ஏன் புத்தகத்தை வாங்கினியள்?"

"ஐயா அவ்வளவு தூரம் சைக்கிள்ல கட்டிட்டு வந்தீங்க. வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குங்களா?"

ஒரு ஆள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை, புத்தகம் கொடுத்த வாரமே நான் பார்த்திருக்கிறேன். கவனக்குறைவு என்று நினைத்தேன். இப்போதுதான் விளங்கியது. இராகத்தலைவன் என்ன வேலை செய்தான் என்று வருஷக்கணக்காகத் தேடியவன் நான். எழுத்தில்லாத சனத்துக்கு மத்தியில் நின்று, பாட்டு முழுவதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுக்கிறவர்தான் அந்த ஆள் என்றால், அவர் வாசலோரத்தில் உட்கார்ந்திருந்தார். நான்தான் அவர் வாயை மூடினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு விடை கிடைத்த சந்தோஷம். அப்படிப்பட்ட மனுஷன் நான்.

இதுவரை சொன்னது அறியாமை. அறியாமையைக் கர்த்தரும் மன்னிப்பார், கங்காணியும் மன்னிப்பார். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இனிமேல் வருவதைத்தான்.

அந்த நிமிஷம் நான் இருபது அடி நடந்து பாக்கியத்திடம் போயிருக்க வேண்டும். நான் சொன்னது அரைகுறை என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அது அரைகுறை என்று எனக்குத் தெரியும். அதே அப்போஸ்தலன், அதே நிருபத்தில், மூன்று அதிகாரம் முன்னால், சபையில் பெண்கள் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறார். வாயே திறக்கக் கூடாதென்றால் தலையை மூடுவது எதற்கு? இந்த முரணைப் பற்றிப் பண்டிதர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வேதத்தில் சனங்கள் கடலைக் கடந்த அன்று தம்புரு எடுத்துக்கொண்டு முன்னால் போய்ப் பாட்டெடுத்தவள் ஒரு பெண் என்பதும் தெரியும், தம்புரு என்ற தலைப்பில் நானே எழுதியிருக்கிறேன். இதெல்லாவற்றையும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி மறைத்துத்தான் அந்த ஒரு வசனத்தைச் சொன்னேன். இப்போது பின்வாங்கினால் போதகர் என்ன நினைப்பார்? சீர்திருத்திவிட்டேன் என்று எழுதியவன் அல்லவா. அதனால் கங்காணியிடம் மெல்லச் சொன்னேன். "வாற ஞாயிறு துரை வாறார். அண்டைக்குப் பாக்கியம் பாட்டெடுக்கட்டும். நான் தலையசைப்பன்."

கங்காணி சரி என்றார். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. போதகர் வாடகை மோட்டாரில் வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார், பக்கத்தில் கிராணி. கொட்டகை நிறையச் சனம். கங்காணியின் மகள் புதுச்சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். நான் ஜெபம் சொல்லி முடித்துப் பாக்கியத்தைப் பார்த்துத் தலையசைத்தேன்.

சத்தமில்லை. இன்னொரு முறை அசைத்தேன். பாக்கியம் எழுந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ."

"பொம்பளை கோயில்ல வாயத் தொறக்கக் கூடாதுன்னு வேதத்துல இருக்குன்னு சொன்னீங்க. நானும் மூணு மாசமா தொறக்கலை. இன்னிக்குத் தொறக்கலாம்னு கங்காணி சொல்றாரு. துரை வந்தா வேதம் மாறிடுங்களா?"

குத்திக்காட்டவில்லை. அதை இன்றைக்கும் சத்தியமாகச் சொல்வேன். அவருக்கு உண்மையாகவே அது தெரிய வேண்டியிருந்தது. நான் இராகத்தலைவனைப் பற்றிக் கேட்கிற அதே ஆவலோடு கேட்டார். ஒருவேளை அதனால்தான் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஆனால் உண்மையையும் முழுதாகச் சொல்லவில்லை. போதகர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாறாது" என்றேன்.

"அப்ப நான் உக்காந்துக்கிறேங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் பாடத் தொடங்கினேன். என் குரல் மட்டும் தனியாகத் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. ஒரு அடி, இரண்டு அடி. துரை கிராணியின் காதில் ஏதோ கேட்டார், கிராணி தோளைக் குலுக்கினார். மூன்றாவது அடியில் துரை தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் மகள் திரும்பி வாசலைப் பார்த்தாள். போதகர் எழுந்து பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திருவிருந்தைத் தொடங்கினார்.

மோட்டார் வரைக்கும் அவரோடு நடந்தேன். பாதி வழியில் கேட்டார். "ஏன் தம்பி, அந்த மனுசி கேக்கேக்கை அந்த மற்ற அதிகாரத்தை நீர் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் இருந்தீங்கள், ஐயா."

"நான் இருந்தால் வேதம் மாறுமோ?" என்று கேட்டு, அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நீர் எழுதின கடிதத்திலே வழக்கத்தை நிப்பாட்டினது இருந்துது. பாட்டு நிண்டது அந்த எட்டுப் பக்கத்திலே இருந்துது, அதாலைதான் நிண்டது எண்டு ரெண்டிலேயும் இல்லை. அதை எழுதியிருந்தால் அப்பவே வந்திருப்பனே."

நான் எந்த மனுஷனுக்குப் பயந்தேனோ, அவர் என் பக்கத்தில் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. ரோட்டோரத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பினேன்.

பாக்கியம் வீட்டு வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். எதிரில் ஒரு கட்டையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலை மூடுகிற அதிகாரம், தம்புரு எடுத்த பெண், பண்டிதர்களின் சண்டை, நான் மறைத்தது, மறைத்த காரணம். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே ஆளு எழுதுனதா?"

"ஒரே ஆள்."

"அப்ப ரெண்டுல எது சரி?"

"தெரியாது."

"ஐயாவுக்கே தெரியாதா?"

"ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் பாடிக்கிட்டே இருந்திருப்பேன்ல."

அவரிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. அந்தப் பெண் தம்புரு எடுத்தாளே, ஆம்பளைங்க பின்னால பாடினாங்களா? அவளுக்கு எழுத்து தெரியுமா? வேதத்தில் பாட்டுக்கு நடுவில் வேறென்ன எழுதியிருக்கிறது? சேலாவைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் அர்த்தம் யாருக்கும் தெரியாது என்றேன். கொஞ்சம் யோசித்து, "மூச்சு வாங்குற எடமா இருக்கும்" என்றார். எனக்குத் தெரிந்த பண்டிதர்களில் பாதிப் பேர் சுற்றிச் சுற்றி அதைத்தான் சொல்கிறார்கள். குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் பாக்கியம் என்று போட்டேன். பொழுது போனதே தெரியவில்லை. தம்பிகளே, பாட்டைப் பற்றி என் ஆயுசில் கிடைத்த நல்ல பாடம் அந்த விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கிடைத்தது. கேட்காமல் கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பாடுகிறேன் என்றார். சந்தோஷமாகத் தூங்கினேன். திங்கள் காலை சைக்கிளில் ஏறும்போது கிராணி வந்து நின்றார். அடுத்த ஞாயிறுதான் கொட்டகையில் கடைசி ஆராதனை, அதற்குப் பிறகு துரை எடுத்துக்கொள்கிறார் என்றார். அன்றிலிருந்து கங்காணியின் மனைவி எனக்குக் காப்பி கொடுப்பதை நிறுத்திவிட்டார். சோறு மட்டும் வந்தது, யாரோ ஒரு பிள்ளையின் கையில். மகள் கல்யாணத்துக்கு இடத்தைத் தொலைத்தவனுக்கு அவ்வளவு கிடைத்ததே பெரிது.

கடைசி ஞாயிறு பாக்கியம் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலோரத்தில் எழுந்து நின்றார். முதல் அடியைச் சொன்னார். மூன்று மாதம் அடக்கிவைத்திருந்த சனம் வாங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நாலு பாட்டு முடிந்து ஐந்தாவது நடக்கும்போது கிராணி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"துரை பங்களா வராந்தாவுல நின்னு கேக்குறாரு. பாடுறவங்க இத்தனை பேரு இத்தனை நாளு எங்க இருந்தாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியம்தான் பதில் சொன்னார். "இங்கதான் இருந்தோம்னு சொல்லுங்க. ஏன் பாடலைங்கிறதை உபதேசியார் ஐயாவைக் கேக்கச் சொல்லுங்க."

நான் பங்களாவுக்குப் போனேன். அதுவரை அந்தப் படியில் ஏறினதில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்றையும் விடாமல் சொன்னேன். துரை குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டே கேட்டார். கெட்ட மனிதரில்லை. போன ஞாயிறு ஒருவரும் பாடாததால் எனக்குக் காட்டக் கூட்டிவைத்த ஆட்கள் என்று நினைத்தேன், அன்றைக்கு இந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் கொட்டகையைத் தொட்டிருக்க மாட்டேன், அதைக் கிடங்காக்குவதாகச் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் ஏஜென்சிக்கு எழுதிவிட்டேன், புதன்கிழமை கொட்டகைக்கு ஷீட்டு வருகிறது, இனி மாற்ற முடியாது என்றார்.

திரும்பி வரும்போது என்ன சொல்வது என்று யோசித்தேன். துரை மறுத்துவிட்டார் என்று மட்டும் சொல்லலாம். சனங்கள் நம்பியிருப்பார்கள், துரைமார் மறுப்பது புதிதில்லை. கொட்டகை வாசலில் அவர்கள் கலையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். போன ஞாயிறு பாடியிருந்தால் கொட்டகை நம்முடையதாகவே இருந்திருக்கும் என்று துரை சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். பாக்கியத்தின் பேரில் குற்றமில்லை, மேட்டில் பாட்டைக் கேட்ட திங்கட்கிழமையே நான் அவரிடம் போகாததுதான் காரணம் என்றும் சொன்னேன். கங்காணியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாக்கியம்தான் கேட்டார். "அடுத்த ஞாயிறு எங்கங்க?"

நான் கங்காணியைப் பார்த்தேன். அவர் மரங்களுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு, "பெரட்டுக் களத்துல நிக்கலாம்" என்றார். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற திறந்தவெளி அது, ஒரு ஓலைகூடக் கிடையாது.

"மழை வந்தா?" என்றது ஒரு குரல்.

"நனைவோம்" என்றார் பாக்கியம்.

கங்காணியின் மகள் கல்யாணம் அந்தக் களத்தில்தான் நடந்தது, தூறலில். அடுத்த கொட்டகை கிடைக்க நாலு வருஷமாயிற்று. அதுவரை நனைந்தோம்.